கண்ணைக் காட்டிய பிறகு காசைக் கொடுங்கள்

கேள்வி: ஜிம்மில் ஓராண்டுச் சந்தா 18,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன். மூன்றாவது வாரமே, சர்க்கரையால் விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருப்பதாகவும் எடை தூக்கக் கூடாது என்றும் கண் டாக்டர் சொல்லிவிட்டார். ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதிலேயே இருக்கிறது என்கிறார்கள். (திருச்சி)

பதில்: முதலில் எடையைக் கீழே வையுங்கள். அந்தப் புதுக் குழாய்கள் மிகவும் பலவீனமானவை. தம் கட்டித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென ஏறும். குழாய் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். விழித்திரை பிரியும் ஆபத்தும் உண்டு.

அப்புறம் பணம். இந்த ஆண்டுச் சந்தா வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. மாதாமாதம் கட்டினால் அதிகம், மொத்தமாகக் கட்டினால் பாதி என்று ஆசை காட்டுவார்கள். சர்க்கரை இருக்கிறதா, கண்ணைக் காட்டினீர்களா என்று சேரும்போது கேட்கும் இடங்கள் குறைவு. அதைக் கேட்காமல் பணத்தை வாங்கியவர்கள், உடம்பு ஒத்துழைக்காதபோது ரசீதின் ஓரத்து வரியைக் காட்டுவது அநியாயம். அந்த வரியே கடைசித் தீர்ப்பு இல்லை. டாக்டரின் கடிதத்தை இணைத்து, மீதி மாதங்களுக்கான பணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. முழுப் பணமும் வரும் என்று வாக்குத் தர மாட்டேன். ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

கேள்வி: முதுகுவலிக்காகத் தலைகீழாகத் தொங்கும் கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். சர்க்கரையால் கெட்ட விழித்திரைக்கு லேசர் செய்திருக்கிறது. பயன்படுத்தலாமா? (சேலம்)

பதில்: கூடாது. திருப்பி அனுப்புங்கள். சிரசாசனமும் வேண்டாம்.

கேள்வி: சர்க்கரையால் பார்வை மங்கிய அம்மாவுக்குக் கண்ணில் லேசர் செய்யச் சொன்னார்கள். போனில் பேசிய ஒருவர், லேசரே தேவையில்லை என்று 6,500 ரூபாய்க்குச் சொட்டு மருந்து விற்றுவிட்டார். நான்கு மாதமாக விடுகிறோம். பார்வை இன்னும் மங்கியிருக்கிறது. (விருத்தாசலம்)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பயந்திருக்கும் குடும்பத்தைத் தேடிப்பிடித்து ஏமாற்றியிருக்கிறார்கள். சர்க்கரை நோயையும் பார்வையிழப்பையும் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. பாட்டில், லேபிள், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுங்கள். அதற்கு முன், நாளைக்கே அம்மாவை விழித்திரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். புகார் ஒரு வாரம் காத்திருக்கும், கண் காத்திருக்காது.

கேள்வி: நடக்கும்போது சர்க்கரை பார்க்க, விரலைக் குத்தாத கைக்கடிகாரம் வாங்கலாமா? (கோவை)

பதில்: வேண்டாம். நானும் ஒன்று வாங்கினேன். சாப்பிடும் முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டியது. தோலில் துளையிடாமல் சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. ஸ்ட்ரிப் போடும் சாதாரண மீட்டரே போதும். இன்சுலின் போடுபவர் என்றால், 90க்குக் கீழே இருக்கும்போது ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: ஏழு வருடமாகச் சர்க்கரை. கண் நன்றாகத் தெரிவதால் பரிசோதனை செய்ததில்லை. பில் போடாமல் விலை குறைத்து டம்பெல் வாங்கினேன், துருப்பிடித்திருக்கிறது. மாற்ற முடியுமா? (மதுரை)

பதில்: எதைக் காட்டி மாற்றுவீர்கள்? பில் கேட்பது உங்கள் உரிமை; நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். அதைவிடப் பெரிய அலட்சியம், ஏழு வருடம் கண்ணைக் காட்டாதது. சர்க்கரையால் வரும் இந்த விழித்திரை நோய் முற்றும்வரை பார்வை தெளிவாகவே இருக்கலாம். சர்க்கரை என்று தெரிந்ததுமே பார்த்திருக்க வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பக் கட்டம் என்றால் டாக்டரே எடை தூக்க அனுமதிக்கலாம். அதுவரை டம்பெல்லைத் தொடாதீர்கள்.

கேள்வி: கண் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு ட்ரெட்மில் வாங்கவா, சைக்கிளா? (தஞ்சாவூர்)

பதில்: நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள். நல்ல நிலையில் கிடைத்தால் பழையதே போதும். வாங்கும் முன் ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே மிதிக்க முடிகிறதா என்று பாருங்கள்.