தோள் வலியா? மேசையை அளந்து பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். உயரம் 5 அடி. நாள் முழுக்க டாலி என்ற கணக்கு மென்பொருளில் வேலை. சாயங்காலத்துக்குள் கழுத்தும் வலது தோளும் இறுகிப்போகின்றன. புது சுழல் நாற்காலி வாங்கித் தந்தார்கள்; வலி அப்படியேதான் இருக்கிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: நாற்காலியை விடுங்கள், முதலில் மேசையை அளக்க வேண்டும். வேலைக்குப் போட்டுவரும் செருப்போடு, பாதம் தரையில் முழுக்கப் படியும்படி உட்காருங்கள். தோளைத் தளரவிட்டு, முழங்கையை விலாவோடு ஒட்டினாற்போல் மடக்குங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இஞ்ச் டேப்பைக் கொடுத்து, தரையிலிருந்து முழங்கையின் அடி வரை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரத்துக்கு ஏறக்குறைய 24 அங்குலம் வரும். கடையில் கிடைக்கும் மேசையோ 29, 30 அங்குலம். அதன்மேல் கீபோர்டு இன்னும் ஓர் அங்குலம். இந்த 6, 7 அங்குலத்தையும் உங்கள் தோள்தான் ஈடுகட்டுகிறது. கை விசைக்கு எட்டவேண்டும் என்று தோள்பட்டை கொஞ்சம் தூக்கியபடியே மணிக்கணக்கில் நிற்கிறது. தசை அப்படி அசையாமல் இறுகி நின்றால் அதற்குள் ரத்த ஓட்டம் குறையும். காலையில் இல்லாத வலி சாயங்காலம் வருவது இதனால்தான்.

நாற்காலியை மட்டும் 6 அங்குலம் ஏற்றினால் கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். அதனால் வித்தியாசத்தை இரண்டாகப் பிரியுங்கள். மேசைக்கு அடியில் இழுப்பறைபோல் வந்துபோகும் கீபோர்டு பலகை ஒன்றைப் பொருத்தினால் 3, 4 அங்குலம் இறங்கும். மீதி 3 அங்குலத்துக்கு நாற்காலியை ஏற்றி, அதே 3 அங்குலத்துக்குக் காலடியில் ஏதாவது கொடுங்கள். வீட்டில் உட்காரப் போடும் மணைப்பலகையே போதும். பாதம் இரண்டும் முழுக்கப் படியும் அகலம் இருக்கட்டும்.

பலகை வாங்கும்போதுதான் பலரும் தவறிவிடுகிறார்கள். கீபோர்டு மட்டும் அடங்கும் பலகையைப் பொருத்திவிட்டு மவுஸை மேசைமேலேயே வைத்துக்கொள்வார்கள். இடது தோள் சரியாகும், வலது தோள் பழையபடி தூக்கியே நிற்கும். நம்பர் பேட் உள்ள கீபோர்டு சுமார் 17½ அங்குலம் நீளம். மவுஸுக்கு 8 அங்குலமாவது வேண்டும். 26 அங்குலத்துக்குக் குறைந்த பலகை உங்களுக்கு ஆகாது. டாலியில் பெரும்பாலான வேலை விசைகளிலேயே முடிவதால், மவுஸை இடது பக்கம் மாற்றிப் பாருங்கள். நம்பர் பேடைத் தாண்டி வலது கையை நீட்டும் வேலை மிச்சமாகும். முதல் வாரம் கை தடுமாறும், பிறகு பழகிவிடும்.

நாற்காலியை ஏற்றியபின் அதன் கைப்பிடி மேசை விளிம்பில் இடிக்கிறதா? இடித்தால் நீங்கள் தள்ளி உட்கார்ந்து எட்டி எட்டி வேலை செய்வீர்கள். கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள், பெரும்பாலான நாற்காலிகளில் இருக்கைக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளை ஆலன் சாவியால் (‘L’ வடிவ அறுகோணச் சாவி) திருகினால் வந்துவிடும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் முதுகுக்குப் பின்னால் கெட்டியான திண்டு ஒன்று வையுங்கள்.

கேள்வி: அச்சுக்கான பக்கங்களைக் கணினியில் தயாரிக்கும் டி.டி.பி. வேலை. பழைய தட்டச்சு முறையில்தான் தமிழ் அடிக்கிறேன். வலது சுண்டுவிரல் வலிக்கிறது, இரவில் விரல்கள் மரத்துப்போகின்றன. தமிழ்99 விசை அமைப்புக்கு மாறினால் சரியாகுமா?
– வாசகர், மதுரை

பதில்: இதில் இரண்டு பிரச்சினை இருக்கிறது, தனித்தனியாகப் பார்ப்போம். சுண்டுவிரல் வலிக்கு விசை அமைப்பே காரணமாக இருக்கலாம். ‘யளனகபக’ என்று பழகிய அந்த முறையில் புள்ளியும் இகரக் கொக்கியும் வலது சுண்டுவிரலுக்கே வருகின்றன. தமிழில் இவை இரண்டும் இல்லாமல் ஒரு வரி தாண்ட முடியாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி வந்த தமிழ்99-இல் உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. புள்ளி இடது ஆள்காட்டி விரலில் இருக்கிறது. அதுவும் பல இடங்களில் அடிக்கவே வேண்டாம். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். ங, க என்றால் ‘ங்க’. மாறுவது நல்லதுதான். ஆனால் அச்சுக்குப் போகவேண்டிய வேலை கையில் இருக்கும்போது மாறாதீர்கள். தினம் 20 நிமிடம் தனியாகப் பழகுங்கள்.

மரத்துப்போவதை விசைப்பலகை மாற்றத்தோடு விட்டுவிடக் கூடாது. எந்த விரல்கள் என்று கவனியுங்கள். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். மோதிர விரலும் சுண்டுவிரலும் என்றால் பெரும்பாலும் முழங்கைப் பக்கம். மேசை விளிம்பிலோ கடினமான கைப்பிடியிலோ முழங்கையை ஊன்றும் பழக்கம் இருக்கிறதா பாருங்கள். எதுவானாலும் எலும்பு மருத்துவரிடமோ நரம்பு மருத்துவரிடமோ காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அதுவரை கீபோர்டின் பின்பக்கக் கால்கள் இரண்டையும் மடக்கியே வையுங்கள். அவை பின்பக்கத்தைத் தூக்குவதால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது. தட்டும்போது மணிக்கட்டை விளிம்பில் ஊன்ற வேண்டாம்; ஓய்வெடுக்கும்போது மட்டும் ஊன்றலாம்.

கேள்வி: வயது 48. தூரம், கிட்டம் இரண்டுக்கும் ஒரே கண்ணாடியான புரோகிரசிவ் கண்ணாடி போட்டதிலிருந்து பின்கழுத்து வலி. மானிட்டரைக் கண் மட்டத்துக்கு உயர்த்தியும் குறையவில்லை.
– வாசகர், கோவை

பதில்: உயர்த்தியதுதான் வலியைக் கூட்டுகிறது. கண் மட்டத்தில் மேல் விளிம்பு என்ற பொது விதி உங்களுக்குப் பொருந்தாது. கிட்டத்தில் பார்க்கும் பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருப்பதால், அதன் வழியாகத் திரையைப் பார்க்க நீங்கள் மோவாயைத் தூக்குகிறீர்கள். மானிட்டருக்கு அடியில் வைத்ததை எடுத்துவிட்டு, மேல் விளிம்பு கண்ணுக்கு 3, 4 அங்குலம் கீழே வரும்படி இறக்கி, திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்துவையுங்கள். சாய்த்த திரையில் டியூப்லைட் பிரதிபலிக்கும். திரையை அணைத்துப் பார்த்தால் எந்த விளக்கு என்று தெரிந்துவிடும். நாள் முழுக்கத் திரை வேலை என்றால், அதற்கென்றே தனிக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. கண்ணிலிருந்து திரைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அந்த எண்ணைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் புத்தகம் படிக்கும் தூரத்துக்கு எழுதிவிடுவார்கள்.

கேள்வி: துணிக்கடையில் பில்லிங் கம்ப்யூட்டர். காலை முதல் இரவு வரை நின்றபடியே. உட்கார இடம் கேட்க முடியுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முடியும். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்த்த திருத்தம், ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்கிறது. ஆனால் சாதாரண நாற்காலி உங்கள் கவுன்ட்டருக்கு உதவாது. கவுன்ட்டர் 38 அங்குல உயரம் என்றால் அது உங்களை முழுக்கத் தாழ்த்திவிடும். 27, 28 அங்குல ஸ்டூலாகக் கேளுங்கள், கால் வைக்க வளையம் உள்ளதாக. கவுன்ட்டரின் உங்கள் பக்கம் முழங்கால் நுழைய இடம் இல்லாமல் பலகை அடைத்திருந்தால், ஒரு இருக்கை அகலத்துக்கு அதையும் எடுத்துத்தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஸ்டூல் கிடைத்தும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து இடுப்பைத்தான் முறுக்கிக்கொள்வீர்கள்.