கல்லாறு பக்கம் பார்த்த பட்டாம்பூச்சிகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

போன ஞாயிறு மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு காட்டுப் பாதையில் கூட நடந்தவர்கள் கேட்டவை இவை.

கேள்வி: அண்ணா, கறுப்பு இறகு, பின்னிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளியும். ரோஜா அழகியா, கறிவேப்பிலை அழகியா?

பதில்: இறகைப் பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள், உடம்பைப் பாருங்கள். சிவப்பு உடம்பு என்றால் ரோஜா அழகி. கறுப்பென்றால் வேஷம் கட்டிய கறிவேப்பிலை அழகி, அதுவும் பெண். ரோஜா அழகியின் புழு ஆடுதின்னாப்பாளைச் செடியைத் தின்று வளர்வதால் அதன் உடம்பில் நஞ்சு உண்டு, ஒருமுறை கொத்திப் பார்த்த குருவி மறுபடி கிட்டே வராது, அந்தப் பயத்தில் நம் வீட்டுக் கறிவேப்பிலையைத் தின்று வளர்ந்தது குளிர்காய்கிறது. நானே இரண்டு வருடம் மாற்றி எழுதி வைத்திருந்தேன், பழைய நோட்டைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது.

கேள்வி: சார், பையன் எடுத்த படம். ஆரஞ்சு நிறம், கறுப்பு நுனியில் வெள்ளைப் பட்டை. வெந்தய வரியன்தானே?

பதில்: இல்லைங்க. வெந்தய வரியனுக்குப் பின்னிறகின் நடுவில் மூன்று நான்கு கரும்புள்ளி இருக்கும், உங்கள் படத்தில் அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. இது டனைட் எக்ஃப்ளை என்ற வேறொரு பட்டாம்பூச்சி, பெண். எருக்கு தின்று வளரும் வரியனைப் போலவே வேஷம். இதன் ஆணைப் பார்த்தால் ஒரே இனமென்று நம்பவே மாட்டீர்கள், கறுப்பு இறகில் பெரிய வெள்ளைப் பொட்டுகள், சுற்றி ஊதா மினுக்கம்.

கேள்வி: ஓடை மணலில் கும்பலாக உட்கார்ந்திருந்ததே, தாகமா?

பதில்: உப்புக்கு. பெரும்பாலும் ஆண்கள்தான், இணை சேரும்போது அது பெண்ணுக்குப் போகும்.

கேள்வி: அப்போ காய்ந்த கிலுகிலுப்பைச் செடியில் மொய்த்த நீல வரியன்? அதில் பூவே இல்லையே.

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்க! வாடிய இலையில் கசியும் ஒரு சாற்றை உறிஞ்சுகின்றன. பெண்ணை மயக்கும் வாசனையை ஆண் வரியன் அதிலிருந்துதான் தயாரிக்கிறது. ஒருவகையில் அத்தர் கடை.

கேள்வி: தமிழ் மறவன் கண்ணில் படவில்லையே?

பதில்: 2019ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது இதைத்தான். ஆரஞ்சு இறகு, கறுப்பு ஓரம். அதற்கு இன்னும் ஈரமான மலைக்காட்டுக்குள் போகணும்.

கேள்வி: மறுபடி எப்போது வரலாம்?

பதில்: அக்டோபர், நவம்பரில். கிழக்கே இருந்து வரியன், கருப்பன் வகைப் பட்டாம்பூச்சிகள் மேற்கு மலைக்குக் கூட்டமாக வரும் நேரம். காலை எட்டு மணிக்கே வந்துவிடுங்கள், இறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டு அசையாமல் இருக்கும், அப்போதுதான் படம் சரியாக விழும். அப்புறம் இறகை மூடியதும் அடிப்பக்கத்தையும் ஒன்று எடுங்கள், பாதி அடையாளம் அங்கேதான் இருக்கிறது.