கோமாளி மீன்: நிறமும் ஜோடியும் (வாசகர் கேள்வி-பதில்)

என் கோமாளி மீன் வெளுத்துப் போய்விட்டது. என்ன மருந்து போடலாம்? (வாசகர், ரெங்கம்)

மீனின் அளவு, நீரின் உப்படர்த்தி, வெளுத்த நேரம் ஆகிய மூன்றில் ஒன்றைக்கூட எழுதாமல் மருந்தை மட்டும் கேட்டால் பொறுப்பான பதில் சொல்ல இயலாது. விளக்கை அணைத்தபின் மீன் மங்கித் தெரிவது இயல்பு. காலையில் விளக்கிட்ட அரை மணி நேரத்தில் நிறம் திரும்பிவிடும். நிறம் திரும்பாமல், உடலில் சளி போன்ற படலம் படர்ந்து, செவுள் வேகமாக அடித்துக்கொண்டால், அது புரூக்லினெல்லா ஒட்டுண்ணியாக இருக்கக்கூடும். ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் நோய் என்பதால், மீனை அன்றே தனித்தொட்டிக்கு மாற்றி, குப்பியில் அச்சிட்ட அளவுக்கு மிகாமல் ஃபார்மலின் குளியல் தர வேண்டும்.

அதற்கு முன், உங்கள் லயத்தில் (வரிசை வீடுகளில்) அன்று கொசுப்புகை அடித்தார்களா என்று விசாரியுங்கள். அந்தப் புகையில் பெரும்பாலும் கலந்துள்ள பைரித்ராய்டு என்னும் பூச்சிக்கொல்லி மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. காற்று பம்பு அதை உறிஞ்சி நேரே நீருக்குள் செலுத்திவிடும். புகை அடிக்கும் நாளில் தொட்டியை மூடுங்கள், புகை கலையும்வரை காற்று பம்பை நிறுத்துங்கள், நீரைச் சுழற்றும் பம்பு மட்டும் ஓடட்டும். இதை முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

பண்ணைக் குஞ்சு ஒன்றுக்கு நடுப்பட்டை பாதியில் நிற்கிறது. வளர்ந்தால் நிரம்புமா? (வாசகி, லாபிஸ்)

பெரும்பாலும் நிரம்பாது. வெள்ளைப் பட்டைகள் முதலில் தலையிலும், பிறகு நடுவுடலிலும், கடைசியாக வாலடியிலும் தோன்றுகின்றன. மிகச் சிறிய குஞ்சுக்கு வால்பட்டை இனிமேல் வரலாம். நடுப்பட்டை பாதியில் நின்றிருந்தால் அதுவே அதன் வடிவம். பட்டை தோன்றும் வேகத்தில் தைராய்டு சுரப்புக்குப் பங்கு உண்டு என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இக்குறை பண்ணைக் குஞ்சுகளில் அதிகம், உடல்நலத்துக்குக் கேடில்லை. ஆரஞ்சு நிறம் மங்குவதுதான் கவனிக்க வேண்டியது. அந்நிறத்துக்கான கரோட்டினாய்டு நிறமிகளை மீன் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. உலர்தீனியோடு உறைந்த இறாலும் கொடுங்கள்.

கடற்சாமந்தி வைத்த பிறகு மீனின் முகத்தில் கரும்புள்ளிகள் வந்துள்ளன. (வாசகர், பாலோ)

கடற்சாமந்தியின் கொட்டணுக்கள் பட்டதால் வரும் கருமை. மீன் நன்றாகத் தின்றால் சில வாரங்களில் மறையும். மருந்து வேண்டாம்.

ஆணும் பெண்ணும் என்று சொல்லி விற்ற ஜோடி ஒன்றையொன்று கடிக்கிறது. இரண்டும் ஏறக்குறைய 8 செ.மீ. பழகிவிடுமா? (வாசகர், குளுவாங்)

பழகாது. இன்றே பிரியுங்கள். இப்படிப்பட்ட கடிதங்கள் வந்துகொண்டே இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் மேலாதிக்கம் பெறும் பெரிய மீனே பெண்ணாக மாறுகிறது, மாறிய பெண் மீண்டும் ஆணாவதில்லை. அப்படியிருக்க, 3 செ.மீ. குஞ்சுகளைக் காட்டி இது ஆண், இது பெண் என்று கடைக்காரர் சொன்னால் அதில் உண்மை இல்லை. ஒரே அளவுள்ள இரண்டு பெரிய மீன்களைப் பிடித்துப் போட்டு ஜோடி விலை வாங்கினால், பெரும்பாலும் இரண்டு பெண்களைத்தான் விற்றிருக்கிறார். தோற்றது தொட்டியின் மேல்மூலையில் ஒதுங்கும். துடுப்பின் விளிம்பு நார்நாராகக் கிழியும். பிறகு உணவுக்கே கீழிறங்காது. அந்த நிலைக்கு வந்தபின் எனக்கு எழுதிப் பயனில்லை.

ஜோடி என்பதற்கு முதல் அடையாளம் அளவு வேறுபாடு. இயற்கையிலும் கீழ்நிலை மீன் தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொண்டு, மேலுள்ளதைவிடச் சிறியதாகவே இருக்கிறது; பீட்டர் பஸ்டன் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. இரண்டாவது அடையாளம் நடுக்கம்: பெரியது நெருங்கும்போது சிறியது பக்கவாட்டில் சாய்ந்து தலை முதல் வால் வரை உதறும். அது வலிப்பு அல்ல, பணிவு. இந்த இரண்டும் கண்ணில் படாமல் ஜோடிக்கென்று ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

உங்கள் இரண்டில் ஒன்றை மாற்றிக்கொண்டு, அதே இனத்தில் 3 செ.மீ. குஞ்சு ஒன்றைத் துளையிட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாரம் வையுங்கள். பெரியது பெட்டியை முட்டுவது தணிந்து, சிறியது நடுங்கிப் பணிந்தபின் திறந்துவிடுங்கள். செம்பழுப்பு நிற மரூன் இனத்துப் பெண் சிறிய மீனைக் கொன்றுவிடக்கூடும். அந்த இனத்தில் இந்த முறையைத் தனியாகச் செய்து பார்க்காதீர்கள்.

மூன்றாவது மீன் சேர்க்கலாமா? (அதே வாசகர்)

கூடாது. இணைந்த ஜோடி அதைத் துரத்தியே கொல்லும்.

முட்டைகள் ஆரஞ்சாக இருந்தன, இப்போது வெள்ளி நிறத்தில் மின்னுகின்றன. அழுகிவிட்டனவா? (வாசகி, சிகாமட்)

இல்லை. மின்னுவது குஞ்சுகளின் கண்கள். ஒளி ஊடுருவாத வெள்ளையாக மாறுபவையே கெட்டவை, அவற்றை ஆண் மீனே தின்று அப்புறப்படுத்தும். சுமார் 27 பாகை வெப்பத்தில் எட்டு நாள் அளவில், விளக்கணைந்த பிறகு பொரியும். தகரக்கூரை வீடுகளில் பிற்பகல் வெப்பம் 31-ஐத் தாண்டினால் நீர்மேல் விசிறி ஓடட்டும். ஆவியாகிக் குறையும் அளவுக்கு நன்னீர் மட்டும் சேருங்கள், உப்புநீர் சேர்த்தால் உப்படர்த்தி ஏறிவிடும். பொரித்த அன்றே ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர்த் தீனி கையிருப்பில் இல்லையென்றால் குஞ்சு ஒன்றுகூடத் தங்காது. ஆகவே முட்டைகள் ஆரஞ்சாக இருக்கும்போதே அதை வளர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். இந்த முறை தவறினாலும், நல்ல உணவு கிடைத்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள் அதே இடத்தில் மறுபடியும் முட்டையிடும்.