மலை ஏன் சரிகிறது, மண் எங்கே போகிறது: நிலவியல் கேள்வி பதில்

கேள்வி (திருச்சி, பள்ளி ஆசிரியை): நீலகிரிப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்று படித்தேன். அதை எப்படி அளந்தார்கள் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: அப்பாறைகளுக்குள் மணலினும் நுண்ணிய சிர்க்கான் படிகங்கள் இருக்கின்றன. சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும்; ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக விலக்கிவிடும். ஆகவே இன்று அதனுள் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து உண்டானதே. யுரேனியம்-238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும் என்பதால், இரண்டின் விகிதத்தை அளந்தால் படிகம் பிறந்த காலம் தெரிந்துவிடும். அமெரிக்க அறிவியலாளர் கிளேர் பேட்டர்சன் 1956இல் விண்கற்களின் ஈயத்தை அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று கண்டதும் இதே சிதைவை அடிப்படையாகக் கொண்டுதான். நீலகிரியின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் பாறை. சென்னைப் பரங்கிமலையிலும் அதே வகைதான். மாணவர்களை அழைத்துச் சென்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (குன்னூர்): அவ்வளவு உறுதியான பாறை என்றால் எங்கள் மலை ஏன் சரிகிறது? வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டித் தடுப்புச்சுவர் எழுப்பப் போகிறேன், அது போதுமா?

பதில்: சரிவது பெரும்பாலும் பாறையன்று, பாறை மக்கி உண்டான மண். மழைநீர் நெடுங்காலம் ஊறியதில் பாறையின் ஃபெல்ட்ஸ்பார் கனிமங்கள் களிமண்ணாக மாறி, பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண் போர்வையாகக் கிடக்கின்றன. நீர் மண்ணை வழுக்கச் செய்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்த விளக்கம் போதாது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி உராய்வதால்தான் சரிவில் மண் நிற்கிறது. இடைவெளிகளில் நீர் நிரம்பி, வடிய வழியின்றி அழுத்தம் ஏறும்போது, மேலுள்ள மண்ணின் பாரத்தில் ஒரு பங்கை அந்த நீரே தாங்கத் தொடங்குவதால், துகள்களின் பிடி அந்த அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது, அந்த மழைநாட்களின் சரிவுகளில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மழையின் அளவு நம் கையில் இல்லை. ஆனால் சரிவின் அடியை வெட்டுவதும் ஓடையை அடைத்துக் கட்டுவதும் நாமே செய்பவை. நீங்கள் வெட்டப்போகும் அந்த அடிமண்தான் மேலுள்ள மண்ணுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நீர் வெளியேறத் துளைகளும், சுவருக்குப் பின்னால் சரளையும் இல்லாத சுவர் நீரைத் தேக்கிவைத்து ஆபத்தைக் கூட்டும். பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்கும்வரை வெட்ட வேண்டாம்.

கேள்வி (கோவை): மரம் நட்டால் சரிவு நிற்குமா?

பதில்: மேல்மண்ணை வேர்கள் நன்றாகவே பிடித்து நிறுத்தும். வேர்கள் எட்டாத ஆழத்தில் மண் வழுகினால், மரங்களும் அதனுடனேயே இறங்கிவிடும்.

கேள்வி (பதுளை, இலங்கை): எங்கள் லயன்களுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) மேலே நிலத்தில் வெடிப்பு தெரிகிறது. மண்சரிவுக்கு வேறு என்ன அடையாளங்கள் உண்டு?

பதில்: வேறு அடையாளங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். மழை பெய்தால் குடும்பத்தோடு உடனே வெளியேறுங்கள். கிராம அலுவலருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இன்றே தெரிவியுங்கள். மரங்கள் சாய்வது, கதவுகள் திடீரென இறுகுவது, புதிய இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, தெளிந்த ஊற்று கலங்குவது ஆகியவை மண் நகரத் தொடங்கியதைக் காட்டும். மழை கொட்டும்போதே ஓடை வற்றினால், மேலே மண் அடைத்திருக்கிறது என்று பொருள். அடைப்பு உடைந்தால் ஓட நேரம் இருக்காது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயன்கள் புதையுண்டன. அங்கும் அபாயம் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது என்பதை எண்ணினால் இன்றும் மனம் ஆறவில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): சரிந்த மண் கடைசியில் எங்கே போகிறது?

பதில்: பழங்காலத்தில் உங்கள் வயலுக்குத்தான் வந்தது. குன்னூர் ஆறு பவானியில் விழுகிறது. பவானி காவிரியில் கலக்கிறது. ஓட்டத்தின் வேகம் குறையக் குறைய, ஆறு முதலில் பாறைத்துண்டுகளையும், பிறகு மணலையும், கடைசியாக வண்டலையும் இறக்கிவைக்கும். அப்படி இறக்கிய வண்டலால் ஆனதே காவிரிப் படுகை. ஆற்று வளைவில் வெளிக்கரை அரிபடுவதும் உட்கரையில் மணல் சேர்வதும் இதே விதிப்படிதான். 1934இல் மேட்டூர் அணையும் 1955இல் பவானிசாகர் அணையும் நிறைவடைந்த பிறகு, நீர்த்தேக்கத்தில் ஓட்டம் ஓய்ந்துவிடுவதால் சுமை அங்கேயே படிகிறது. குன்னூரில் சரியும் கல்லும் மணலும் இன்று பெரும்பாலும் பவானிசாகரைத் தாண்டுவதில்லை.