ஒரே அறையில் ஐந்து வகுப்புகள்: அறிவியலை எப்படி நடத்துவது?

ஒன்று முதல் ஐந்து வரை ஒரே ஆசிரியர் எப்படி அறிவியல் நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். பொருள் ஒன்றாகவே இருக்கட்டும், கேள்வியை மட்டும் வகுப்புக்கு வகுப்பு மாற்றுங்கள்.

பச்சைப்பயறே போதும். இரவு ஊறவைத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தால் ஓரிரு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை அதைத் தொட்டுப் பார்த்து வரையட்டும். மூன்றாம் வகுப்பு தினமும் நூல் வைத்து அளந்து எழுதட்டும். ஐந்தாம் வகுப்பிடம், இருட்டிலும் பயறு முளைக்குமா என்று கேளுங்கள். தயவுசெய்து விடையை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். இரண்டு கொட்டாங்கச்சியில் மண் நிரப்பி, ஒன்றை ஜன்னலோரமும் மற்றதை அலமாரிக்குள்ளும் வைக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் முளைக்கும். ஆனால் அலமாரிக்குள் இருக்கும் செடி ஒரு வாரத்தில் வெளிறி, நெடுநெடுவென்று நீண்டு சாய்ந்துவிடும். முளைக்க வெளிச்சம் தேவையில்லை, பச்சையாக நிமிர்ந்து வளரத்தான் தேவை என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள்.