குருவிக் குளியலுக்கு எந்த இடம்?

கொல்லையில் வேப்பமரம், துவைக்கிற கல், செம்பருத்திப் புதர் மூன்றும் இருக்கின்றன. மண் தட்டை எங்கே வைக்கலாம்?

மூன்றையும் ஒட்டி வேண்டாம். மரத்துக்கு நேர் கீழே வைத்தால் காக்கை எச்சமும் சருகும் தட்டில்தான் விழும். கல் பக்கம் சோப்புத் தண்ணீர் தெறிக்கும். அது இறகின் எண்ணெய்ப் பசையைப் போக்கிவிடும். செம்பருத்திதான் ஆபத்து, பூனை பதுங்க அதைவிட வசதியான இடம் கிடையாது. நனைந்த குருவியால் சட்டென்று எழும்பிப் பறக்க முடியாது. அதனால் புதரிலிருந்து ஆறேழு அடியாவது தள்ளி வையுங்கள். ரொம்பவும் வெட்டவெளிக்குப் போய்விடாதீர்கள். குளித்ததும் தாவி உட்கார்ந்து இறகு கோத, பக்கத்தில் ஒரு கிளை வேண்டும். காலை வெயில் படலாம். பதினொரு மணிக்கு மேல் வேம்பின் நிழல் வந்து விழுகிற ஓரம் எதுவென்று ஒருநாள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் இடம்.

வைத்து ஒரு வாரமாகிறது. ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆழத்தைப் பாருங்கள். குடிக்க வருவதற்கும் குளிக்க வருவதற்கும் வித்தியாசம் உண்டு. குளிக்க ஒன்றிரண்டு அங்குலத் தண்ணீர் போதும். பிளாஸ்டிக் பேசின் என்றால் கால் வழுக்கும், நடுவில் ஒரு சொரசொரப்பான கல்லைப் போடுங்கள். தண்ணீர் சொட்டுகிற சத்தத்துக்குப் பறவைகள் சீக்கிரம் வரும். ஓட்டை போட்ட பாட்டிலை மேலே கட்டிவிட்டால் ஆயிற்று.

காக்கை எலும்பைக் கொண்டுவந்து போட்டு நாறடிக்கிறது.

காய்ந்ததை ஊறவைத்துத் தின்பது அதன் வழக்கம். விரட்டிப் பயனில்லை. மதில் ஓரமாக அதற்கென்று ஒரு பழைய சட்டியை வைத்துவிடுங்கள்.

டெங்கு வந்துவிடும் என்று வீட்டில் திட்டுகிறார்கள்.

திட்டுவதில் நியாயம் இருக்கிறது! ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர, நம் ஊர் வெக்கையில் ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஆனால் கொட்டி நிரப்பினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேயுங்கள், சோப்பு வேண்டாம்.

சின்னான், தவிட்டுக்குருவி எல்லாம் வருகின்றன. தேன்சிட்டு மட்டும் இறங்குவதே இல்லையே?

அது பெரும்பாலும் ஈர இலையில் புரண்டுதான் குளிக்கும். செடிக்குத் தண்ணீர் விடும்போது வாழை, கறிவேப்பிலை இலைகள் மேலும் குழாயைக் காட்டிவிட்டு, கொஞ்சம் விலகி நில்லுங்கள்.