பழைய எஸ்யூவி வாங்கலாமா? ரீகால், ஏர்பேக், இன்ஜின்: கேள்வி பதில்

கேள்வி: குடும்பத்துக்குப் பத்து வருஷப் பழைய எஸ்யூவி பார்க்கிறோம். முதலில் எதைக் கவனிப்பது?

பதில்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேசிஸ் நம்பரை வாங்கித் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ரீகால் என்றால் குறை கண்ட வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்வது. அந்தக் கடிதம் பதிவில் இருக்கும் உரிமையாளருக்குத்தான் போகும், இரண்டு மூன்று கை மாறிய வண்டி என்றால் பழைய விலாசத்திலேயே தங்கியிருக்கும். நம்பர் 17 இலக்கம். அதில் ஓ என்ற எழுத்து வராது, வட்டமாக இருந்தால் பூஜ்ஜியம்தான்.

கேள்வி: ரீகால் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார் விற்பவர்.

பதில்: நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: டகாட்டா என்ற ஜப்பான் நிறுவனத்தின் ஏர்பேக் ஆபத்து என்று பயமுறுத்துகிறார்கள். எங்கள் வண்டியில் இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: அந்த இத்தனை வருஷம்தான் பிரச்சினையே. ஏர்பேக்கை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டர் ஓர் உலோகக் குப்பி, உள்ளே அம்மோனியம் நைட்ரேட் வில்லைகள். ஈரப்பதமும் வெயிலும் மாறி மாறிப் பட்டு அவை வருஷக்கணக்கில் நொய்ந்துபோகும். நொய்ந்த வில்லை மளமளவென்று எரியும், அழுத்தம் தாங்காமல் குப்பியே வெடிக்கும், உலோகத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். பிழைத்திருக்க வேண்டிய சின்ன மோதலில்கூட ஆள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்களைத் திரும்ப அழைத்தார்கள்.

கேள்வி: ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் போதாதா? நாங்கள் மெதுவாகத்தான் ஓட்டுகிறோம்.

பதில்: கூடாது. பல வண்டிகளில் மோதும்போது சீட் பெல்ட்டை இறுக்கும் பாகத்தையும் அதே கன்ட்ரோல் யூனிட்தான் இயக்குகிறது, இரண்டும் சேர்ந்து போகும். எதிரே வருபவர் மெதுவாக வருவார் என்று யார் சொன்னது? புது இன்ஃப்ளேட்டர் இலவசமாகப் போட்டுத் தருகிறார்கள், அதை விட்டுவிட்டு ஏன் ஃபியூஸில் கை வைக்க வேண்டும்?

கேள்வி: குளிர்ப் பிரதேசத்து வண்டிக்கு இது பொருந்தாது என்கிறார்களே, நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள்.

பதில்: வெப்பமும் ஈரமும் அதிகமுள்ள இடங்களில் ஆபத்து அதிகம், அது சரி. ஆனால் பழைய வண்டி அதற்கு முன் எங்கே ஓடியது, எத்தனை வருஷம் வெயிலில் நின்றது என்று உங்களுக்குத் தெரியுமா? குழந்தைகளை ஏற்றப்போகிற வண்டி இது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கேள்வி: ஹூண்டாய் சான்டா ஃபே, கியா சொரெண்டோ இன்ஜின்?

பதில்: 2.4 லிட்டர் தீட்டா 2 என்றால் கவனம். இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் தயாரிப்பில் தங்கிய உலோகத் துகள் ஆயில் வழியை அடைத்து, அந்தத் தண்டைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்து, இன்ஜின் சுற்றாமல் இறுகி நின்றுபோன கதை அது. ரேஸ் கொடுக்கக் கொடுக்க வேகமாகும் டக் டக் சத்தம் கேட்டால் வேண்டாம்.

கேள்வி: ஹோண்டா சிஆர்வி 1.5 டர்போ?

பதில்: ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் எரிபொருள் ஆயிலில் கலக்கிறது. குளிரில் குறுகிய தூரமே ஓடிய வண்டிகளில் இது அதிகம்.

கேள்வி: ரீகால் வேலைக்கு இரண்டாவது உரிமையாளர் பணம் கட்ட வேண்டுமா?

பதில்: இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ரீகால் வண்டிக்கு, ஆளுக்கு அல்ல. இன்ஃப்ளேட்டருக்கு மேலேயே சொன்னேன், இலவசம்.

கேள்வி: இன்ஷூரன்ஸ் எதை எடுக்கலாம்?

பதில்: அது என் துறை இல்லை, அந்த வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: விற்பவர் சேசிஸ் நம்பர் தரமாட்டேன் என்கிறார்.

பதில்: வேறு வண்டி பாருங்கள். பல வண்டிகளில் முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வெளியிலிருந்தே படிக்கலாம், படம் எடுத்து அனுப்ப ஒரு நிமிஷம்கூட ஆகாது.